செப்சிஸ் எவ்வளவு முற்றியிருக்கிறது? ரத்தப் பரிசோதனைகளையும் ஸ்கோர்களையும் படிக்கும் முறை

காய்ச்சலோடு வந்த நோயாளிக்கு ரத்தம் எடுத்து அனுப்பினால், ஒன்றிரண்டு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து எண்கள் திரும்பி வரும். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருப்பதைத்தான் கண் முதலில் தேடும். சிஆர்பி (உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் புரதம்) 180 என்று இருந்தால் வார்டே பரபரப்பாகிவிடும். அதே தாளில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் 1.9 என்று இருப்பதும், போன மாதம் அது 0.9-ஆக இருந்ததும் யார் கண்ணிலும் படாது. ஆபத்து எங்கே இருக்கிறது என்று கேட்டால், கிரியேட்டினினில்தான்.

தொற்றால் உறுப்புகளே செயலிழக்கத் தொடங்கும் நிலைதான் செப்சிஸ். அதில் ஒவ்வொரு எண்ணும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். யாரை முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பது என்பது ஒரு கேள்வி. திசுக்களுக்கு ரத்தம் போய்ச் சேர்கிறதா என்பது இன்னொன்று. எந்த உறுப்பு எவ்வளவு கெட்டிருக்கிறது, ஆன்டிபயாட்டிக்கை எப்போது நிறுத்தலாம் என்பவை வேறு இரண்டு. ஒன்றுக்கான எண்ணை வைத்து மற்றொன்றுக்குப் பதில் தேடும்போதுதான் குழப்பம் வருகிறது. புதிதாக வார்டுக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்களையும் ஸ்டாஃப் நர்ஸ்களையும் மனதில் வைத்து, இந்தக் கேள்விகள் எழும் வரிசையிலேயே சொல்கிறேன். கணக்கெல்லாம் பெரியவர்களுக்கானது.

முதலில் வரையறை

1991-ல் ஒரு வரையறை வந்தது. வெப்பம் 38-க்கு மேல் அல்லது 36-க்குக் கீழ், பல்ஸ் 90-க்கு மேல், மூச்சு 20-க்கு மேல், வெள்ளை அணுக்கள் 12,000-க்கு மேல் அல்லது 4,000-க்குக் கீழ். இந்த நான்கில் இரண்டு இருந்து, தொற்றும் இருந்தால் செப்சிஸ். எஸ்ஐஆர்எஸ் என்று இன்றும் ரவுண்ட்ஸில் கேட்பது இதைத்தான். சாதாரண ஃப்ளூ காய்ச்சல்காரர் கூட இதில் தேறிவிடுவார் என்பதுதான் சிக்கல்.

2016-ல் வந்த செப்சிஸ்-3 அதை மாற்றியது. தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை தறிகெட்டுப்போய், உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு உறுப்புகள் செயலிழந்தால்தான் செப்சிஸ். அதற்கு அளவுகோல், ஆறு உறுப்புகளின் நிலையைப் புள்ளிகளாக்கும் சோஃபா ஸ்கோர் (படி 3-ல் வருகிறது) அந்த நோயாளியின் வழக்கமான நிலையைவிட 2 புள்ளியாவது கூடியிருப்பது. அப்படிக் கூடியவர்களில் 10 சதவீதத்துக்கு மேல் மருத்துவமனையிலேயே இறக்கிறார்கள். செப்டிக் ஷாக் என்று சொல்ல இரண்டு விஷயங்கள் சேர்ந்து இருக்க வேண்டும்: போதுமான டிரிப்ஸ் ஏற்றிய பிறகும் சராசரி ரத்த அழுத்தத்தை 65-ல் நிறுத்த நார்அட்ரினலின் போன்ற மருந்து தேவைப்படுவது, லாக்டேட் (திசுக்களுக்கு ரத்தம் போதாதபோது ரத்தத்தில் கூடும் பொருள்) லிட்டருக்கு 2 மில்லிமோலுக்கு மேல் இருப்பது. அந்த நிலையில் இறப்பு 40 சதவீதத்தைத் தாண்டுகிறது.

படி 1: ரத்தம் எடுப்பதற்கு முன்பே ஒரு ஸ்கோர்

கணக்குக் காட்டுவதற்காக ஒரு நோயாளியை உருவாக்கிக்கொள்வோம். 58 வயது அம்மா, எடை 55 கிலோ, சர்க்கரை நோய் உண்டு. மூன்று நாளாக நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். காலையிலிருந்து சம்பந்தமில்லாமல் பேசுகிறார் என்று மகள் சொல்கிறார். வெப்பம் 38.6, பல்ஸ் 118, மூச்சு 26, பிபி 98/54, ஆக்சிஜன் வைக்காமலே அளவு 95 சதவீதம்.

இங்கே கேள்வி, இவரை எவ்வளவு சீக்கிரம் சீனியரிடம் காட்ட வேண்டும் என்பது. அதற்கு நியூஸ்-2 என்ற எச்சரிக்கை ஸ்கோர் நல்ல கருவி. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017-ல் திருத்தி வெளியிட்டது. புள்ளிகள் இப்படி:

- மூச்சு: 12–20 என்றால் 0, 9–11 என்றால் 1, 21–24 என்றால் 2, 8-ம் அதற்குக் கீழும், 25-ம் அதற்கு மேலும் 3.
- ஆக்சிஜன் அளவு: 96-ம் மேலும் 0, 94–95 என்றால் 1, 92–93 என்றால் 2, 91-ம் கீழும் 3. ஆக்சிஜன் வைத்திருந்தால் தனியாக 2. நாள்பட்ட நுரையீரல் நோயில் கார்பன் டை ஆக்சைடு தேங்குபவர்களுக்கு இதில் வேறு அளவுகோல் உண்டு.
- மேல் பிபி: 111–219 என்றால் 0; 101–110 என்றால் 1; 91–100 என்றால் 2; 90-ம் கீழும், 220-ம் மேலும் 3.
- பல்ஸ்: 51–90 என்றால் 0, 41–50 அல்லது 91–110 என்றால் 1, 111–130 என்றால் 2, 40-ம் கீழும், 131-ம் மேலும் 3.
- நினைவு: தெளிவாக இருந்தால் 0, புதிதாகக் குழப்பம், கூப்பிட்டால்தான் விழிப்பது, அதற்கும் மோசமானது எதுவானாலும் 3.
- வெப்பம்: 36.1–38.0 என்றால் 0, 35.1–36.0 அல்லது 38.1–39.0 என்றால் 1, 39.1-ம் மேலும் 2, 35.0-ம் கீழும் 3.

5 வந்தால் அவசரமாக டாக்டர் பார்க்க வேண்டும். 7 வந்தால் ஐசியூ தரத்தில் கவனிக்கக்கூடிய குழு உடனே வர வேண்டும். நம் அம்மாவுக்குக் கூட்டினால் 1+2+3+2+1+3, ஆக 12. லேப் பக்கமே போகாமல் கிடைத்த விடை இது.

இந்த ஸ்கோரைக் கெடுப்பது மூச்சு எண்ணிக்கைதான். கேஸ் ஷீட்டைப் புரட்டினால் வார்டில் எல்லோருக்கும் மூச்சு 20 என்றே எழுதியிருக்கும். தூங்குகிறவருக்கும் 20, மூச்சு வாங்குகிறவருக்கும் 20! ரத்தத்தில் அமிலம் சேரும்போது முதலில் கூடுவது மூச்சு. பிபி இறங்குவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான். ஒரு நிமிடம் முழுதாக நின்று எண்ணுங்கள். நோயாளியிடம் சொல்லாமல், பல்ஸ் பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு எண்ணினால் சரியான எண் கிடைக்கும்.

குயிக் சோஃபா பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள்: மூச்சு 22-ம் மேலும், மேல் பிபி 100-ம் கீழும், நினைவில் மாற்றம். மூன்றில் இரண்டு இருந்தால் ஆபத்து. இருந்தால் நம்பலாம், இல்லை என்பதை வைத்து நிம்மதி அடையக் கூடாது. ஆரம்பக்கட்ட செப்சிஸை இது நிறைய தவறவிடுகிறது. சர்வைவிங் செப்சிஸ் கேம்பெய்ன் என்ற சர்வதேச இயக்கத்தின் 2021 வழிகாட்டுதலில், இதை மட்டும் வைத்து நோயாளிகளைச் சலிக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள்.

படி 2: லாக்டேட்

செப்சிஸில் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைக்குத்தான் வழி இருக்கிறது என்றால் நான் லாக்டேட்டைத்தான் கேட்பேன். பிபி இன்னும் தாக்குப்பிடிக்கும்போதே உள்ளே ரத்த ஓட்டம் தடுமாறுவதை இது காட்டிக்கொடுக்கும். 2 மில்லிமோலுக்குள் இருப்பது இயல்பு. 2-க்கு மேல் எச்சரிக்கை. 4 அல்லது அதற்கு மேல் என்றால், பிபி நன்றாக இருந்தாலும் ஷாக்குக்குத் தரும் அதே அவசரம் தர வேண்டும்.

முதலில் அலகைப் பாருங்கள். சில லேப்கள் மில்லிகிராமில் தருகின்றன. 1 மில்லிமோல் என்பது டெசிலிட்டருக்கு 9 மில்லிகிராம். அதாவது 18 மி.கி. என்றால் 2, 36 மி.கி. என்றால் 4. ரிப்போர்ட்டில் 24 என்று பார்த்து வெலவெலத்துப் போக வேண்டாம், அது 2.7 தான்.

அடுத்தது சாம்பிள். டூர்னிக்கேயை இறுகக் கட்டி, கையை மூடி மூடித் திறக்கச் சொல்லி, நரம்பு தேடிக் குத்தி எடுத்த ரத்தத்தில் லாக்டேட் பொய்யாகக் கூடலாம். டிரிப்ஸ் ஓடும் கையில் எடுக்காதீர்கள். ஏபிஜி (ரத்த வாயுக்களை அளக்கும்) மெஷின் இருந்தால் உடனே போட்டுவிடுங்கள். லேபுக்கு அனுப்புவதானால் சாம்பல் மூடி போட்ட ஃபுளோரைடு குழாயில், அதாவது சுகருக்கு எடுக்கும் அதே குழாயில், ஐஸ் வைத்து அனுப்ப வேண்டும். சாதாரணக் குழாயில் விட்டு ஒரு மணி நேரம் மேசைமேல் கிடந்தால், குழாய்க்குள் இருக்கும் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைக் கூட்டிவைத்துவிடும். தமனி ரத்தம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கத் தேவையில்லை. சிரை ரத்தத்தில் 2-க்குள் இருந்தால் அதுவே போதும். கூடுதலாக இருந்தால் தமனியில் எடுத்து உறுதிப்படுத்தலாம்.

லாக்டேட் கூடினாலே செப்சிஸ் என்று முடிவு கட்டவும் கூடாது. இப்போதுதான் வலிப்பு வந்து அடங்கியவர், மூச்சுத்திணறலுக்குத் திரும்பத் திரும்ப சால்பியூட்டமால் நெபுலைசர் வைத்தவர், அட்ரினலின் ஓடுபவர், ஈரல் சுருங்கியவர், சிறுநீரகம் கெட்டும் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர், தயமின் குறைந்த குடிநோயாளி எல்லோருக்கும் கூடும். ரிங்கர் லாக்டேட் ஏற்றினால் லாக்டேட் ஏறிவிடுமே என்று பயப்படுபவர்கள் உண்டு. ஈரல் வேலை செய்யும்வரை அதனால் பெரிய வித்தியாசம் வராது.

2-க்கு மேல் இருந்தால் 2 முதல் 4 மணி நேரத்துக்குள் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டாவது எண்தான் முக்கியம். சிகிச்சைக்குப் பிறகும் இறங்காத லாக்டேட், முதலில் எவ்வளவு இருந்தது என்பதைவிட மோசமான செய்தி.

லாக்டேட் வசதியே இல்லாத இடங்களில் என்ன செய்வது? விரல் இருக்கிறதே. ஆள்காட்டி விரல் நுனியின் உட்பக்கத்தில் ஒரு கண்ணாடி ஸ்லைடை வைத்து, தோல் வெளுக்கும்வரை அழுத்தி, 10 விநாடி பிடித்து விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் குறைவு. 2019-ல் வெளிவந்த ஆண்ட்ரோமீடா-ஷாக் ஆய்வு இந்த முறையை வைத்துச் சிகிச்சை கொடுத்தவர்களையும், லாக்டேட்டை வைத்துக் கொடுத்தவர்களையும் ஒப்பிட்டது. 28 நாளில் இறப்பு விரல் குழுவில் 34.9 சதவீதம், லாக்டேட் குழுவில் 43.4 சதவீதம். புள்ளியியல்படி இந்த வித்தியாசம் உறுதியாகவில்லை. ஆனாலும் விரல் எந்த விதத்திலும் சளைத்ததில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். அறை ஏசியில் விரல் சில்லிட்டிருந்தால் மட்டும் ஏமாற்றும்.

நம் அம்மாவுக்கு லாக்டேட் 4.2, விரல் நிறம் திரும்ப 5 விநாடி. இதற்குமேல் மற்ற ரிப்போர்ட்டுகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. ரத்தக் கல்ச்சர் எடுத்துவிட்டு உடனே ஆன்டிபயாட்டிக். ஷாக் இருந்தாலோ, செப்சிஸ் என்பது ஏறக்குறைய உறுதியானாலோ ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும். முதல் 3 மணி நேரத்தில் கிலோவுக்கு 30 மி.லி. டிரிப்ஸ், இவருக்குச் சுமார் 1,650 மி.லி.

படி 3: சோஃபா

இப்போது கேள்வி, எந்தெந்த உறுப்பு எவ்வளவு அடிவாங்கியிருக்கிறது. சோஃபா 1996-ல் வெளியானது. யார் பிழைப்பார் என்று ஜோசியம் சொல்வதற்காக அதை உருவாக்கவில்லை, உறுப்புகளின் நிலையை ஒரே மொழியில் எழுதிவைக்கத்தான். ஆறு உறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 24. கடந்த 24 மணி நேரத்தின் மோசமான எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

- நுரையீரல் (ஏபிஜியில் வரும் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜன் பங்கால் வகுத்தது): 400-க்குக் கீழ் 1, 300-க்குக் கீழ் 2, வென்டிலேட்டர் அல்லது மூச்சு உதவியோடு 200-க்குக் கீழ் 3, 100-க்குக் கீழ் 4.
- பிளேட்லெட் (ரத்தம் உறைதல்): 1.5 லட்சத்துக்குக் கீழ் 1. 1 லட்சத்துக்குக் கீழ் 2. 50,000-க்குக் கீழ் 3. 20,000-க்குக் கீழ் 4.
- ஈரல் (பிலிருபின்): 1.2–1.9 என்றால் 1, 2.0–5.9 என்றால் 2, 6.0–11.9 என்றால் 3. 12-க்கு மேல் 4.
- ரத்த ஓட்டம்: சராசரி பிபி 70-க்குக் கீழ் 1, டோபுடமின் அல்லது குறைந்த அளவு டோபமின் 2, நார்அட்ரினலின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம் வரை 3. அதற்கு மேல் 4.
- மூளை (நினைவை அளக்கும் கிளாஸ்கோ ஸ்கோர்): 13–14 என்றால் 1; 10–12 என்றால் 2; 6–9 என்றால் 3; 6-க்குக் கீழ் 4.
- சிறுநீரகம் (கிரியேட்டினின்): 1.2–1.9 என்றால் 1, 2.0–3.4 என்றால் 2, 3.5–4.9 அல்லது ஒரு நாள் சிறுநீர் 500 மி.லி.க்குக் கீழ் 3. 5-க்கு மேல் அல்லது 200 மி.லி.க்குக் கீழ் 4.

இலங்கை போல மைக்ரோமோலில் ரிப்போர்ட் தரும் இடங்களில், கிரியேட்டினின் 110-லிருந்து 1 புள்ளியும் 171-லிருந்து 2 புள்ளியும் தொடங்கும். பிலிருபின் 20-லிருந்து 1 புள்ளி. ஏபிஜி இல்லையென்றால் விரலில் மாட்டும் கருவியின் சதவீதத்தை ஆக்சிஜன் பங்கால் வகுக்கலாம். அது 315 என்றால் ஏபிஜி கணக்கில் 300-க்கும், 235 என்றால் 200-க்கும் ஏறத்தாழச் சமம். சதவீதம் 97-க்கு மேல் போனால் இந்தக் குறுக்குவழி செல்லாது.

அம்மாவின் கணக்கு: ஆக்சிஜன் அழுத்தம் 76-ஐ 0.21-ஆல் வகுத்தால் 362, எனவே 1. பிளேட்லெட் 92,000, 2 புள்ளி. பிலிருபின் 1.4, 1 புள்ளி. 98/54-க்குச் சராசரி பிபி சுமார் 69, 1 புள்ளி. கிளாஸ்கோ 14, 1 புள்ளி. கிரியேட்டினின் 2.3, 2 புள்ளி. மொத்தம் 8.

சரி, 8-ம் புதிதாக வந்ததா? இங்கேதான் பழைய ரிப்போர்ட் வேண்டும். மகள் கையில் இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கேட்டு வாங்குங்கள். மாத்திரைச் சீட்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் பில்லுக்கு நடுவில் எங்காவது ஒரு லேப் தாள் இருக்கும். ஆறு மாதத்துக்கு முன் கிரியேட்டினின் 1.3 என்று அதில் இருந்தால், பழைய சோஃபா 1, கூடியது 7. பழைய தகவல் எதுவுமே கிடைக்கவில்லை என்றால் 0 என்று வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

பிளேட்லெட் இவ்வளவு இறங்கியிருந்தால் பிடி-ஐஎன்ஆரும் பார்த்துவிடுங்கள். ரத்தம் உறையும் முறை குலையத் தொடங்கியிருக்கலாம்.

அபாச்சி-2 பற்றிச் சிலர் கேட்பார்கள். 1985-லிருந்து இருக்கும் பெரிய ஸ்கோர். ஐசியூக்களை ஒப்பிடவும் ஆய்வுக்கும் நல்லது. இரவு இரண்டு மணிக்குக் கட்டிலோரத்தில் முடிவெடுக்க அது உதவாது.

படி 4: ப்ரோகால்சிடோனின், சிஆர்பி

அதிகம் செலவழித்து, தப்பான கேள்விக்குப் பதில் தேடுவது இவற்றில்தான். ப்ரோகால்சிடோனின் என்ற ரத்தப் புரதம் பாக்டீரியா தொற்றில் சில மணி நேரத்தில் ஏறி, ஒரு நாளுக்குள் உச்சம் தொட்டு, தொற்று அடங்கினால் ஏறக்குறைய நாளுக்குப் பாதியாக இறங்கும். சிஆர்பி மந்தமானது. ஈரலில் உருவாகி, உச்சத்துக்குப் போக இரண்டு நாள்வரை ஆகும். அதனால் நோயாளி தேறிக்கொண்டிருக்கும் இரண்டாம் நாளில் சிஆர்பி கூடியிருப்பது சகஜம். அதைப் பார்த்து ஆன்டிபயாட்டிக்கை மாற்றுவதில் அர்த்தமில்லை.

ஆன்டிபயாட்டிக் தொடங்கலாமா என்பதை ப்ரோகால்சிடோனினை வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்பது 2021 வழிகாட்டுதல். எண் குறைவாக இருக்கிறது என்று மருந்தைத் தள்ளிப்போட்டால் விலை கொடுப்பவர் நோயாளி. எப்போது நிறுத்தலாம் என்பதற்கு அது நன்றாகவே உதவும்: உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ, 0.5-க்கு வந்தாலோ, ஆளும் தேறியிருந்தால் நிறுத்துவதை யோசிக்கலாம். பிரிட்டனில் நடந்து 2024-ல் வெளியான அடாப்ட்-செப்சிஸ் ஆய்வில், தினசரி ப்ரோகால்சிடோனின் பார்த்தவர்களுக்கு ஆன்டிபயாட்டிக் நாள்கள் ஆபத்தில்லாமல் குறைந்தன; சிஆர்பி பார்த்தவர்களுக்குக் குறையவில்லை.

பெரிய அறுவை சிகிச்சை, விபத்து, தீக்காயம், மலேரியா இவற்றிலும் ப்ரோகால்சிடோனின் ஏறும். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு ஏற்கெனவே கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். பிரெசெப்சின், இன்டர்லூகின்-6 போன்ற பரிசோதனைகளும் பெரிய மருத்துவமனைகளின் பட்டியலில் இருக்கின்றன. வழக்கமான வார்டு வேலைக்கு அவை இப்போதைக்குத் தேவைப்படாது.

நம் பக்கத்துக் காய்ச்சல்கள் செய்யும் குழப்பம்

மேலே சொன்ன ஸ்கோர்கள் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்கா ஐசியூக்களில் பிறந்தவை. டெங்குவில் பிளேட்லெட் 30,000-க்கு இறங்கினால் சோஃபாவில் அது மட்டுமே 3 புள்ளி. ஆனால் அங்கே பார்க்க வேண்டியது ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறுகிறதா, ரத்த நீர் கசிகிறதா என்பதை. கண்மூடித்தனமாக 30 மி.லி. கணக்கில் ஏற்றினால் நுரையீரலைச் சுற்றி நீர் கோத்துக்கொள்ளும். எலிக் காய்ச்சலில் பிலிருபின் மிக அதிகமாக ஏறும், ஈரல் அந்த அளவுக்குச் செயலிழந்திருக்காது. வயலில் இறங்கி வேலை செய்தவரா என்று கேட்பது அங்கே ஸ்கோரைவிடப் பயன்படும்.

சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இன்னும் நயவஞ்சகம். வேலூர் பக்கத்தில் மழைக்குப் பிந்தைய மாதங்களில் நிறைய வரும். சோஃபா, சிஆர்பி எல்லாம் மற்ற பாக்டீரியா செப்சிஸ் மாதிரியே இருக்கும். ஆனால் மெரோபெனம் போன்ற பெரிய ஆன்டிபயாட்டிக்கை எத்தனை நாள் போட்டாலும் கேட்காது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்துக்கு அடியில் சிகரெட் சுட்டது போல ஒரு கருத்த புண் இருக்கிறதா என்று துணியை விலக்கிப் பாருங்கள். எந்த ஸ்கோரும் அதைச் சொல்லாது.

எண்கள் ஏமாற்றும் ஆட்கள்

வயதானவருக்குக் காய்ச்சலே வராமல் செப்சிஸ் முற்றும். சாப்பிடவில்லை, எழுந்திருக்கவில்லை என்பதே அறிகுறியாக இருக்கும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்குப் பல்ஸ் 80-ஐத் தாண்டாமலே இருக்கலாம். ஈரல் சுருங்கியவருக்கு பிலிருபின், பிளேட்லெட், லாக்டேட் மூன்றுமே முன்பே கெட்டிருக்கும். அங்கே மாற்றத்தை மட்டும்தான் கணக்கில் எடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு கிரியேட்டினின் இயல்பாகவே 0.5, 0.6 அளவில் இருக்கும், 1.0 என்ற எண் ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தாலும் அவர்களுக்கு அது நார்மல் இல்லை. குழந்தைகளுக்கு 2024-ல் ஃபீனிக்ஸ் என்ற தனி ஸ்கோர் வந்துவிட்டது, பெரியவர்களின் சோஃபாவை அவர்களுக்குப் போடாதீர்கள்.

படி 5: மறுபடியும் எண்ணுங்கள்

முதல் 48 மணி நேரத்தில் சோஃபா ஏறினால், எந்த எண்ணில் தொடங்கியிருந்தாலும், இறப்பு 50 சதவீதத்துக்குக் குறையவில்லை என்று பிரஸ்ஸல்ஸ் ஐசியூ ஒன்றில் செய்த ஆய்வு 2001-லேயே காட்டியது. அதனால் தினமும் ஒரே நேரத்தில் சோஃபா போடுங்கள்.

எல்லா எண்ணும் ஒரே வேகத்தில் திரும்பாது என்பதையும் தெரிந்துகொண்டால் பதற்றம் குறையும். நம் அம்மாவுக்கு மூன்று மணி நேரத்தில் லாக்டேட் 2.6, விரல் நிறம் 2 விநாடி, மூச்சு 22, சிறுநீர் மணிக்கு 40 மி.லி. நல்ல திசை. மறுநாள் காலை பிபியும் நினைவும் சரியாகி சோஃபா 6. ஆனால் கிரியேட்டினின் 2.5-க்கு ஏறியிருக்கிறது, பிளேட்லெட் 78,000-க்கு இறங்கியிருக்கிறது. இதற்காகச் சிகிச்சையைத் தலைகீழாக மாற்ற வேண்டாம். சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் ஒன்றிரண்டு நாள் பின்தங்கித்தான் வரும். லாக்டேட் மறுபடி ஏறினாலோ, மூச்சு 28 ஆனாலோ கதை வேறு. சிறுநீரகத்தில் அடைப்பு இருக்கிறதா, சீழ்க் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேனுக்கு ஓட வேண்டும். அடைப்பை நீக்காமல் எந்த ஆன்டிபயாட்டிக்கும் எண்களைத் திருப்பாது. ப்ரோகால்சிடோனின் முதல் நாள் 38, ஐந்தாம் நாள் 6.5 என்றால் 80 சதவீதத்துக்கு மேல் இறங்கிவிட்டது. ஏழு நாளோடு ஆன்டிபயாட்டிக்கை முடிக்கலாம் என்று யூனிட்டில் தைரியமாகப் பேசலாம்.

டியூட்டி மாறும்போது "செப்சிஸ் கேஸ், ஸ்டேபிள்" என்று ஒற்றை வரியில் ஒப்படைக்காதீர்கள். கேஸ் ஷீட்டில் இப்படி இருக்கட்டும்: "காலை 10 மணி: நியூஸ்-2 12, லாக்டேட் 4.2. பகல் 1 மணி: நியூஸ்-2 6, லாக்டேட் 2.6, டிரிப்ஸ் 1,650 முடிந்தது, சிறுநீர் மணிக்கு 40. சோஃபா 8, பழையது 1. அடுத்த லாக்டேட் மாலை 4 மணிக்கு, 2.6-க்கு மேல் வந்தால் யூனிட் சீஃபைக் கூப்பிடவும்."